தகர டப்பாவும் தோல் வாரும்

நீரிலும் நிலத்திலும் காற்று மெத்தையின் மேல் விரையும் ஹோவர்கிராஃப்ட் என்னும் ஊர்தியின் கதை, பூனைத்தீனி அடைத்த தகர டப்பா ஒன்றில் தொடங்குகின்றது. 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பொறியாளர் கிறிஸ்டோபர் காக்கெரல் அதனைக் காப்பித்தூள் டப்பாவினுள் பொருத்தினார். இரண்டிற்கும் இடையேயுள்ள வளைய இடைவெளியில் காற்றைக் கீழ்நோக்கிச் செலுத்தி, அதன் விசையைச் சமையலறைத் தராசில் நிறுத்தார். ஒற்றை டப்பாவினும் இரட்டை டப்பாவின் விசை மிகுந்திருந்தது. வளையமாக இறங்கும் காற்று, நடுவிலுள்ள காற்றை வெளியேறவிடாது வேலிபோல் காத்தமையே காரணம்.

காக்கெரல் வறியவர் அல்லர், கேம்பிரிட்ஜில் பயின்றவர். அருங்காட்சியக இயக்குநரான தந்தையாரோ மகனின் பொறித்தொழில் நாட்டத்தை உயர்வாகக் கருதவில்லை. கைத்தொழிலை இழித்தல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று போலும்! இங்கு அதனைப் பிறப்போடும் பிணைத்துவிட்டனர்.

கடற்படையினர் அதனை விமானம் என்றனர்; விமானப்படையினர் படகு என்றனர்; தரைப்படையினர் பொருட்படுத்தவேயில்லை. இறுதியில் எஸ்.ஆர்.என்.1 என்னும் ஊர்தி 1959 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. காக்கெரல் தாமே தளத்தில் நின்று எடைக்கல்லாகப் பயன்பட்டார். உயர்ந்த அலைகளைத் தாண்டும் ஆற்றலைப் பின்னர் அளித்தது, லாடிமர்-நீதம் வகுத்த நெகிழ்வான 'பாவாடை'.

இவ்வரலாற்றைக் கேட்ட நம் பள்ளியின் மேல்நிலை முதலாண்டு மாணவர் தாமும் ஒன்று செய்ய முனைந்தனர். 120 செ.மீ. விட்டமுள்ள வட்ட ஒட்டுப்பலகை, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பாய், வாடகைக்கு எடுத்த மின் காற்றூதி, இவ்வளவே. மாணவனுடன் சேர்த்து மொத்த எடை 60 கிலோ. கணக்கிட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிராமிற்குச் சற்றே மிகுந்த அழுத்தம் போதும். நம்மைச் சூழ்ந்த வளிமண்டல அழுத்தத்தில் அது ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு! கரும்பலகையில் இதனைக் கண்ட மாணவர் நம்ப மறுத்தனர்.

ஆயின் ஊதியை இயக்கியதும் பாய் ஆணித்துளைகளில் கிழிந்தது. மும்முறை மாற்றியும் அதே நிலை. நான்காம் நாள் ஒரு மாணவன் தன் பாட்டனாரை அழைத்து வந்தான். அவர் செருப்புத் தைப்பவர். நம் ஆய்வகத்தினுள் அதற்குமுன் நுழைந்தவரல்லர். வாயிலிலேயே காலணியைக் கழற்றினார். நாம் தடுத்தும் கேட்கவில்லை. கிழிசலைத் தடவிப் பார்த்து, "ஆணி பாயைப் பிடிக்கக் கூடாதுங்க ஐயா, வாரைத்தான் பிடிக்கணும்" என்றார். விளிம்பைச் சுற்றித் தோல் வாரை வைத்து, அதன்மேல் ஆணி அடித்தார்.

பாய் உப்பியது, பலகை எழுந்தது. ஒருவிரலால் தள்ள, பேரன் ஆய்வகத்தின் மறுகோடி வரை மிதந்து சென்றான். பெரியவரையும் ஏறுமாறு வேண்டினோம். நாணி மறுத்துவிட்டு, வாரில் ஓர் ஆணி சற்றே எழும்பியிருந்ததைக் காட்டிச் சுத்தியலைக் கேட்டார்.