காற்றில் கலந்த பாதரசம்: கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையும் அடிவாரத்துப் பெரியகுளமும்

பெரியகுளத்தில் நின்று வடக்கே பார்த்தால் மலைமுகட்டில் கொடைக்கானல். மோட்டார் சாலை வருவதற்கு முன் மக்கள் இந்த அடிவாரத்திலிருந்துதான் மலையேறினார்கள். மலையில் பெய்யும் மழையும் இதே சரிவில் இறங்குகிறது. பாம்பாறு சோலைக்காட்டைக் கடந்து, கும்பக்கரையில் அருவியாக விழுந்து, வைகைப் படுகையைச் சேர்கிறது. எனவே கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் வரலாறு பெரியகுளத்தின் வரலாறும் ஆகும். அந்த ஆலையால் நேர்ந்த தீங்குக்கான சான்று எப்போது, எதில் தேடப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாதரச ஆவி நஞ்சு என்பது புதிய செய்தியன்று. கண்ணாடிக்குப் பாதரசம் பூசுவோருக்கு உண்டாகும் வாதத்தையும் மூச்சிரைப்பையும் இத்தாலிய மருத்துவர் ராமசினி தம் தொழில்நோய் நூலில் 1700-லேயே எழுதிவிட்டார். நம் சித்த மருத்துவமும் சுத்தி செய்யாத ரசத்தை மருந்தில் சேர்ப்பதில்லை. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பாதரச நச்சையும் வைத்தது. அறிவும் சட்டமும் முன்பே இருந்தன என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது.

தெர்மாமீட்டர் உடைந்து பாதரசத்தை விழுங்கிவிட்டால் குடல் அதைப் பெரும்பாலும் உறிஞ்சாமல் வெளியே தள்ளிவிடும். ஆவியாக மூச்சில் போனாலோ ஏறத்தாழ எண்பது விழுக்காட்டை நுரையீரல் உள்வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து அது இரத்தத்தின் வழியே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. கைநடுக்கம், ஈறு வீக்கம், மறதி, காரணமற்ற எரிச்சல், சிறுநீரகக் கோளாறு ஆகியவை அதன் விளைவுகள். ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அறை வெப்பத்திலேயே எழும் அதை, சுவாசிப்பவர் உணர வழியில்லை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் ஓடிய ஆலையைப் பெயர்த்து, செசப்ரோ பாண்ட்ஸ் நிறுவனம் 1983-இல் கொடைக்கானலில் நிறுவியது. 1987-இல் உலக அளவில் அந்த நிறுவனம் யூனிலீவர் வசமானபின், ஆலை இந்துஸ்தான் லீவரின் பொறுப்புக்கு வந்தது. பாதரசம் இறக்குமதியானது, செய்த தெர்மாமீட்டர்கள் ஏற்றுமதியாயின. ஆவியும் கழிவும் மலையில் தங்கின.

2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த உடைகண்ணாடி டன் கணக்கில் கிடப்பது வெளிப்பட்டது. பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் ஊர்மக்களோடு போராடின. ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறியது. ஆலை புறப்பட்ட நாட்டுக்கே கழிவு திரும்பிய அரிய நிகழ்வு இது.

ஆனால் தொழிலாளரின் உடலில் போனது திரும்பவில்லை. முன்னாள் தொழிலாளர் 2006-இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, அவர்களுடைய அப்போதைய உடல்நிலையைப் பாதரசத்தோடு இணைக்கப் போதிய சான்று இல்லை என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் குழுவோ 2011-இல், தொழிலாளரும் அவர்களுடைய பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் உண்டு என்றது. நிறுவனம் தொடர்ந்து மறுத்துவந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர் தொடர்பாக நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது.

முதற்குழுவின் முடிவை எடைபோடும்போது ஓர் உடலியல் உண்மையை முன்னிறுத்த வேண்டும். மூச்சில் போன பாதரசம் இரண்டு மாதத்துக்குள் உடலில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். நரம்பில் அது செய்த சேதம் அப்படிக் குறைவதில்லை. ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரில் பாதரசம் தேடுவது, ஆவி போனபின் அதன் அளவைக் கேட்பதாகும்.

மனித உடலில் மறைந்த சான்றை மரப்பாசி வைத்திருந்தது. பாறைப்பூவும் (லைக்கன்) பாசியும் வேரின்றிக் காற்றிலிருந்தே உணவை எடுப்பவை. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்தார் கொடைக்கானலில் அவற்றைச் சோதித்து, தொலைவிடங்களைவிடப் பன்மடங்கு பாதரசம் இருப்பதை 2003-இல் வெளியிட்டனர். கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைப் பின்னர் அறிவித்தனர். ஆலையின் சரிவு பாம்பாற்றுப் பக்கம் இறங்குகிறது. ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி வேறு. அப்படியானால் ஏரிக்குப் பாதரசம் போன வழி காற்றுதான். என் பார்வையில் இந்த ஆய்வுவரிசையின் மிகக் கனமான முடிவு இது.

சோலை மண்ணில் படிந்த பாதரசம் மழைநீரோடு இறங்கும். நீரடி நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக்கும். அது மீனில் சேரும். 1956-இல் அறியப்பட்ட மினமாட்டா நோய் ஜப்பானில் மீன் வழியாகத்தான் வீடுகளுக்குள் புகுந்தது. மினமாட்டா ஊரின் பெயர்கொண்ட, பாதரசம் பற்றிய உலக உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது.

உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அரசு, கும்பக்கரையிலும் வைகை அணையிலும் மீனையும் வண்டலையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவைத் தமிழில் பெரியகுளத்து மக்கள் முன் வைக்க வேண்டும். முன்னாள் தொழிலாளரின் நரம்பு, சிறுநீரக நிலையை வாழ்நாள் முழுதும் கண்காணிக்க வேண்டும்.