கிணற்றடியிலிருந்து தெருவுக்கு வந்த என்ஜின்

ஜெனரேட்டர் என்ஜினுக்குச் சில்லுப் பூட்டி ஓட்டுகிற வீடியோக்கள் இப்போது முகநூலில் நிறையச் சுற்றுகின்றன. நம்மட பொடியன்மாரும் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், "நாமளும் ஒன்று செய்து பார்ப்போமா" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் வயிற்றுப்பாட்டுக்காகவே இந்த வேலையை நாடளாவிய அளவில் செய்து பார்த்த ஒரு தேசம் உண்டு. அது பங்களாதேஷ். அந்தக் கதையை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது. நாமும் வேளாண்மைக்காரர்கள்தானே.

அங்கே மாரி நெல்லுக்கு 'ஆமன்' என்று பெயர். மழை முடிந்த பிறகு, டிசம்பர் ஜனவரியில் நட்டு ஏப்ரல் மே மாதங்களில் அறுப்பது 'போரோ'. இன்று அந்த நாட்டின் நெல்லில் பாதிக்கு மேல் போரோதான். மழை இல்லாத காலத்துப் பயிர் என்பதால் இறைப்பு இல்லாமல் போரோ இல்லை. நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லாத நாடு அது. குழாயை இறக்கி, மேலே ஒரு டீசல் என்ஜினும் பம்பும் வைத்தால் தண்ணீர் வரும். இந்த வகைக் குழாய்க் கிணற்றை ஆங்கிலத்தில் 'ஷலோ' என்றார்கள், ஆழமில்லாதது என்று பொருள். வங்காளிகள் அந்தப் பெயரைக் கிணற்றிலிருந்து எடுத்து என்ஜினுக்கு வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது 'ஷலோ மெஷின்'.

ஆரம்பத்தில் எந்த என்ஜினை இறக்குமதி செய்யலாம் என்பதை அரசாங்கமே தீர்மானித்தது. அங்கீகரித்த சில வகைகள் மட்டும்தான். அவற்றின் விலை சிறு விவசாயிக்கு எட்டாது. 1988இல் வந்த வெள்ளம் நாட்டின் ஏறக்குறைய 60 வீத நிலத்தை மூடியது. பயிர் போனது, உழவு மாடுகளும் போயின. அதற்குப் பிறகுதான் சிறிய டீசல் என்ஜின்களுக்கும் கை உழவு இயந்திரங்களுக்கும் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். சீன என்ஜின்கள் வந்து குவிந்தன. ஜப்பான் என்ஜின் அளவுக்கு உழைக்காது என்று வல்லுநர்கள் குறை சொன்னார்கள். ஆனால் விலை குறைவு, பாரம் குறைவு, உதிரிப்பாகம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும், ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டுவார். ஏழை விவசாயிக்கு எது தரம் என்பதை வல்லுநரை விட அவனே நன்றாக அறிவான் என்பது எங்கள் எண்ணம். பின்னர் அந்த நாட்டில் ஷலோ கிணறுகள் 10 இலட்சத்தைத் தாண்டின.

இந்த என்ஜின்களை நாமும் கண்டிருக்கிறோம். ஒற்றைச் சிலிண்டர், படுக்கையாகக் கிடக்கும், பக்கத்தில் பெரிய பறக்கும் சில்லு, மேலே தண்ணீர்த் தொட்டி. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிரூட்டல். கைபிடியால் சுற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெயர் பெற்ற எஸ்195 வகை 12 குதிரைவலு, நிமிடத்துக்கு 2,000 சுற்று. பம்பைப் பூட்டினால் இறைப்பு மெஷின், டைனமோவைப் பூட்டினால் ஜெனரேட்டர், கைபிடி உழவு இயந்திரத்தில் வைத்தால் கலப்பை. என்ஜின் ஒன்றுதான்.

போரோ இறைப்பு நாலு மாதம். மீதி எட்டு மாதம் அந்த என்ஜின் சும்மா கிடக்கும். கடன் வாங்கி வாங்கிய மெஷின் கொட்டிலில் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த விவசாயியால் முடியும்? முதலில் தோணிக்குப் போனது. பாயும் துடுப்பும் கொண்டு ஓடிய ஆற்றுத் தோணிகளில் இறைப்பு என்ஜினை ஏற்றினார்கள். நெல் குற்றவும் கரும்பு பிழியவும் எடுத்தார்கள். கடைசியில் கரத்தையில் ஏற்றினார்கள்.

அந்தக் கரத்தைகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் எங்களுக்கு மிகவும் பிடிக்கும். நசிமன், கரிமன். கேட்டால் நம்மட உம்மம்மாமாரின் பெயர்கள் மாதிரி இருக்கும். இன்னொன்று 'பட்பட்டி', அது போடும் சத்தமே பெயராகிவிட்டது.

செய்முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வீடியோ பார்த்துவிட்டு இறங்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் வேண்டியது மாறாத வேகம். பாரம் கூடினாலும் குறைந்தாலும் சுற்று மாறாதபடி 'கவர்னர்' என்ற பாகம் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும். வாகனத்துக்கு வேண்டியது நேர் எதிர்: நிற்க வேண்டும், மெதுவாகக் கிளம்ப வேண்டும், பிறகு ஓட வேண்டும். ஆகவே என்ஜினிலிருந்து பெல்ட் போட்டு, பெல்ட்டை இறுக்கித் தளர்த்துவதையே கிளட்சாக்கினார்கள். பழைய வாகனத்திலிருந்து கியர் பெட்டியும் பின் அச்சும் வந்தன. சட்டகம் இரும்புக் குழாய், தட்டு பலகை. பொகுரா, ஜெசோர் போன்ற ஊர்களின் சிறு பட்டறைகளில் இந்த வேலை நடந்தது.

பட்டறைக்காரர்கள் ஓட வைக்கும் வித்தையில் கெட்டிக்காரர்கள். நிறுத்தும் வித்தைதான் பின்தங்கியது. 12 குதிரைவலு என்ஜின் ஒரு தொன் நெல்லையும் பத்துப் பேரையும் இழுத்துவிடும். அந்தப் பாரத்தைப் பிடித்து நிறுத்தப் பல வண்டிகளில் இருந்தது பின் சில்லில் ஒரு பிரேக் மட்டும். இரவில் ஒழுங்கான வெளிச்சமில்லை. கிராமத்து மண் பாதையில் இது பெரிதாகத் தெரியவில்லை. அதே வண்டி நெடுஞ்சாலைக்கு ஏறி, பின்னால் வேகமாக பஸ் வந்தபோதுதான் மையத்துகள் விழுந்தன. உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2015 ஆகஸ்டில் 22 தேசிய நெடுஞ்சாலைகளில் முச்சக்கர வண்டிகளுக்கும் மெதுவாக ஓடும் வண்டிகளுக்கும் அரசாங்கம் தடை போட்டது. சாரதிகள் வீதியை மறித்துப் போராடினார்கள். பஸ் போகாத கிராமத்தில் கர்ப்பிணியை வைத்தியசாலைக்கும், மரக்கறியைச் சந்தைக்கும் கொண்டு போனது அந்த வண்டிதான் என்பது அவர்கள் வாதம். அது பொய்யில்லை. வீதியில் செத்தவர்களின் கணக்கும் பொய்யில்லை. எங்களைக் கேட்டால், பிரேக்கையும் விளக்கையும் கட்டாயமாக்கி, பட்டறைகளைப் பதிவு செய்து, கிராமப் பாதைகளில் ஓட விட்டிருக்கலாம். வண்டியைப் பிடித்து நசுக்குவது எளிது. அதற்குப் பதில் ஒரு பஸ் விடுவது கஷ்டம்.

இந்தியாவிலும் இதே கதை. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பக்கம் இறைப்பு என்ஜின் பூட்டிய வண்டிக்கு 'ஜுகாட்' என்று பெயர். அது வாகனமே இல்லை, ஆகவே பதிவும் காப்புறுதியும் தேவையில்லை என்று தப்பித்துக்கொண்டிருந்தார்கள். 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஜுகாட்டும் மோட்டார் வாகனம்தான் என்று தீர்ப்புச் சொல்லி அந்த ஓட்டையை அடைத்தது.

நம்மட பக்கம் ஏன் நசிமன் பிறக்கவில்லை? லேண்ட்மாஸ்டர் இருந்ததால்தான் என்று நினைக்கிறோம். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் செய்த ஒரு உழவு இயந்திரத்தின் வணிகப் பெயர் அது. பிறகு குபோட்டா வந்தது, சீனத்துச் சிஃபாங் வந்தது, ஆனால் நமக்கு எல்லாம் லேண்ட்மாஸ்டர்தான். காலையில் வட்டையில் உழும், பின்னேரம் பெட்டியைக் கொளுவினால் நெல் மூட்டையும் விறகும் ஏற்றும், கல்யாண வீட்டுக்குச் சனத்தையும் ஏற்றும். ஒரு என்ஜினை வருடம் முழுக்க உழைக்க வைக்கும் வழி நமக்குத் தொழிற்சாலையிலிருந்தே வந்துவிட்டது. வங்காளிகள் அதைக் கையால் செய்துகொண்டார்கள்.

ஆனால் நெடுஞ்சாலைப் பிரச்சினை நமக்கும் அதேதான். அறுவடைக் காலத்தில் மஃரிபுக்குப் பிறகு அக்கரைப்பற்று–கல்முனை வீதியில் போய்ப் பாருங்கள். நெல் ஏற்றிய பெட்டி முன்னால் போகும், பின்பக்கம் ஒரு சிவப்பு வெளிச்சமும் இருக்காது. கிட்டப் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஒளி தெறிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று சைக்கிள் கடையிலும் கிடைக்கும். இந்தப் பெரும்போக அறுவடைக்கு முன், பெட்டி வைத்திருக்கும் சகோதரர்கள் இரண்டை வாங்கி ஒட்டிவிடுங்கள்.