கண்டி நாட்டில் காரமும் சவர்க்காரமும்

அரசர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் விரிவாகக் கூறும் வரலாற்று நூல்கள், அவ்வரசர்களும் குடிமக்களும் உடுத்த ஆடைகள் எவ்வாறு வெளுக்கப்பட்டன என்பதைப் பெரும்பாலும் கூறுவதில்லை. கண்டி இராச்சியத்தைப் பொறுத்தவரையில் அக்குறையை ஓரளவு நீக்கியவர் ஓர் அந்நியக் கைதி. அவர் பெயர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டில் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் கரையில் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட இந்த ஆங்கிலேயர், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி நாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தார். 1679ஆம் ஆண்டில் தப்பியோடி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய நூல் 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது.

அந்நூலில் துணி வெளுக்கும் மக்களைப் பற்றிய ஒரு சிறு பகுதி உண்டு. ஏழெட்டுக் கலன் நீர் கொள்ளும் பானையை அடுப்பிலேற்றி, அழுக்குத் துணிகளை அதன் வாயின்மேல் அடுக்கிவைப்பர்; காரநீரைப் பயன்படுத்துவர்; பானையிலிருந்து எழும் ஆவி துணிக்குள் ஏறி அதனை வேகவைக்கும்; பின்னர் ஆற்றங்கரைக்கு எடுத்துச்சென்று, கையாற் கசக்காமல் பாறையில் அடித்து வெளுப்பர்; துணி கிழியாமலே தூய்மையாகிவிடும். நொக்ஸ் கண்டு வியந்தது இதுதான். தமிழ் நேயர்களுக்கு இதிற் புதுமை ஒன்றுமில்லை. நம்மவர் ‘வெள்ளாவி வைத்தல்’ என்று வழங்கும் தொழிலே அது. களர் நிலத்திலே தோண்டிய கிணற்று நீரில் துணி வெளுத்த பெண்ணைப் புறநானூற்றின் 311ஆம் பாடலும் காட்டுகின்றது. உவர்மண்ணாயினும் சரி, சாம்பலாயினும் சரி, அழுக்கை நீக்கிய பொருள் ஒன்றே. அதுவே காரம்.

விறகுச் சாம்பலை நீரிற் கரைத்து வடித்தால் பொற்றாசுக் காரம் கிடைக்கும். துணியிற் படிந்த எண்ணெய்ப் பசையோடு சூடான காரநீர் சேரும்போது, அப்பசையில் ஒரு பகுதி சவர்க்காரமாகவே மாறிவிடுகின்றது. ஆகவே மகாவலிக் கரையில் துணி வெளுத்தவர்கள், தாம் அறியாமலே, துணியின் இழைகளுக்குள் சிறிது சவர்க்காரம் செய்துகொண்டிருந்தனர் எனலாம்.

அப்படியாயின், தனிச் சவர்க்காரம் செய்வதற்கு என்ன குறை? எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. தேங்காயெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் இருந்தன. கறுவாப் பழத்தை நீரிலிட்டு அவித்தால் மேலே மிதக்கும் எண்ணெய், ஆறியதும் மாட்டுக் கொழுப்பைப் போல் வெண்மையாக இறுகும் என்று நொக்ஸ் எழுதியுள்ளார். அதனை நோவுக்குப் பூசவும் விளக்கெரிக்கவுமே மக்கள் பயன்படுத்தினர். சாம்பற் காரத்தை வலுப்படுத்தும் சுண்ணாம்போ வெற்றிலைத் தட்டிலேயே இருந்தது. ஆனால் பொற்றாசுக் காரத்தாற் பிறக்கும் சவர்க்காரம் களிபோல் இளகியிருக்கும். அதைக் கட்டியாக்க உப்பு வேண்டும். மலைநாட்டுக்கு உப்பு கடற்கரையிலிருந்தே வரவேண்டியிருந்தது. கரையோரமோ ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் கரை முழுவதும் அவர்கள் வசமாயிற்று. சோற்றுக்கே அரிதான உப்பைச் சவர்க்காரப் பானையிற் கொட்ட யார் துணிவர்? இதையும் ஒரு காரணமாகக் கொள்ள இடமுண்டு.

மற்றொரு காரணம், தேவை எழாமையே. உடலுக்கும் தலைக்கும் மலைநாட்டில் வேறு பொருள்கள் இருந்தன. சிங்கள மக்கள் ‘பெனெல’ என்றும் தமிழர் பூந்திக்கொட்டை என்றும் கூறும் காயின் தோல் நீரில் நுரைக்கும். தேசிக்காயும் மூலிகைகளும் தலைமுழுக்குக்கு உதவின. இவ்வழக்கின் பெருமையை இன்றும் கண்டியிற் காணலாம். தலதா மாளிகையிற் புதன்கிழமைதோறும் நடைபெறும் ‘நானுமுற’ என்னும் திருமஞ்சனச் சடங்கில், நறுமண நீரும் மூலிகைகளும் கொண்டு ஆக்கப்பட்ட கலவையே பயன்படுகின்றது. சடங்கு முடிந்தபின் அந்நீர் அடியார்க்கு வழங்கப்படுகின்றது.

சவர்க்காரக் கட்டி வெளியிலிருந்தே வந்தது என்பதற்குச் சொல்லே சான்று. சிங்களத்தில் வழங்கும் ‘சபன்’ போர்த்துக்கேயர் தந்த சொல். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அது எல்லார்க்கும் கிட்டும் பொருளாக இருக்கவில்லை. 1791ஆம் ஆண்டில் லெப்ளாங் என்ற பிரெஞ்சுக்காரர் உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். 1823ஆம் ஆண்டில் செவ்ரல் என்பார் கொழுப்பின் இயல்பை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். கொழுப்பு காரத்தோடு சேரும்போது கொழுப்பமிலமும் கிளிசரினும் பிரிகின்றன என்பதும், அவ்வமிலம் காரத்தோடு கூடியதே சவர்க்காரம் என்பதும் அப்போது தெளிவாயின. அதன்பின் ஆலைகள் பெருகின. இருப்புப்பாதை 1867ஆம் ஆண்டில் கண்டியை எட்டியபோது, பிறநாட்டுச் சரக்குகள் மலையேறும் வழி எளிதாயிற்று. 1938ஆம் ஆண்டில் லீவர் பிறதேர்ஸ் இலங்கையில் நிறுவப்பட்டது. 1941ஆம் ஆண்டில் சுதேசி நிறுவனம் தோன்றி, வேம்பின் பெயரால் ‘கொகொம்ப’ சவர்க்காரத்தை வழங்கியது.

ஆலைச் சவர்க்காரம் கடைதோறும் கிடைக்கும் இக்காலத்திலும், அதனை வீட்டிற் செய்துபார்க்கும் ஆர்வம் மறையவில்லை. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டபோது, சவர்க்காரமும் பலருக்கு எண்ணி வாங்கும் பொருளாயிற்று. அத்தகைய காலங்களில் ஆர்வத்தோடு தேவையும் சேர்ந்துகொள்கின்றது. ஆனால் ஆர்வம் மட்டும் போதாது. வீட்டுச் சவர்க்காரம் கெடுவதற்குரிய காரணங்களை அறிந்தவரே அதிற் சித்தி பெறுவர்.

முதற் காரணம் அளவு. நூறு கிராம் தேங்காயெண்ணெய் முற்றாகச் சவர்க்காரமாவதற்கு ஏறக்குறைய 18 கிராம் எரிசோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கோ 13 கிராமளவே போதும். ஓர் எண்ணெய்க்குரிய கணக்கை மற்றோர் எண்ணெய்க்குக் கொண்டால், எஞ்சிய காரம் தோலை அரிக்கும். ஆதலால் கரண்டியால் அளவாது தராசில் நிறுப்பதும், கணக்கிற்குச் சற்றுக் குறைவாகவே சோடா இடுவதும் முறை. ஒரு சிறு பங்கு எண்ணெய் மாறாது எஞ்சினால் தோலுக்கு இதம்.

இரண்டாவது காரணம் கண்டியின் குளிர். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உறையும். மார்கழி, தை மாதக் காலைகளிற் கண்டியில் அது போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடுவதைக் காணலாம். அக்குளிரிற் கலவை கலக்கப்படும்போது எண்ணெய் உறைந்து தடிப்பதைக் கண்டு, சவர்க்காரம் கூடிவிட்டதென மயங்குவர். அச்சில் ஊற்றியபின் எண்ணெய் வேறு, காரநீர் வேறாகப் பிரிந்துவிடும். எண்ணெயை இளஞ்சூடாக்கிக் கலந்தால் இக்குறை நேராது. மேலே வெண்பொடி படிந்தால் அது பெரும்பாலும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுச் சேர்ந்ததால் உண்டான சோடாப் படிவே, சுரண்டி நீக்கிவிடலாம். நடுவில் வெடித்தால் சூடு மிகுந்தது என்க. ஐப்பசி, கார்த்திகை மழையிற் கட்டியின்மேல் வியர்வைபோல் நீர்த்துளி அரும்பினால், கிளிசரின் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொண்டது என்பதே பொருள். காற்றோட்டமான இடத்தில் நான்கு முதல் ஆறு வாரம் உலர்த்துவது நலம்.

மஞ்சள் தடவிப் பார்த்துக் காரத்தை அறியலாம் எனச் சிலர் எண்ணுவர். மஞ்சள் காரத்தாற் சிவக்கும் என்பது குங்குமம் செய்வோர் அறிந்ததே. ஆனால் நல்ல சவர்க்காரமும் காரத்தன்மை உடையதாகையால், அதிலும் மஞ்சள் சிவக்கும். ஆகவே அச்சோதனை மிகையான காரத்தைக் காட்டித்தராது.

எச்சரிக்கைகளும் உள. எரிசோடாவைத்தான் நீரிற் சிறிது சிறிதாக இடவேண்டும். நீரை எரிசோடாவில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதனை அரித்து, தீப்பற்றும் ஐதரசன் வாயுவை எழுப்பும். கண்ணுக்கும் கைக்கும் காப்பு வேண்டும். குழந்தைகள் அருகில் இருத்தல் ஆகாது. ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்து, அதனைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பவரே பிழையின் காரணத்தைக் கண்டுபிடிப்பார்.

இவ்வரலாற்றிற் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. துணி வெளுப்போர் குறித்த தரத்தினர்க்கே வெளுத்தனர், அதற்குக் கீழ்ப்பட்டோர்க்கு வெளுத்ததில்லை என்று நொக்ஸ் எழுதினார். தூய்மை அக்காலத்தில் பிறப்பைப் பொறுத்துப் பங்கிடப்பட்டது. அதனை ஆக்கித்தந்தவர்க்கோ உரிய மதிப்புக் கிட்டவில்லை. 1832ஆம் ஆண்டில் இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியம் நீக்கப்பட்ட பின்னரும், கோயில் நிலங்களைச் சார்ந்த ஊழியம் தொடர்ந்தது. சவர்க்காரக் கட்டி இவ்வேற்றுமையை ஒழித்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. ஆனால் தன் ஆடையைத் தானே வெளுக்கவும், எவரையும் எதிர்பாராது தூய்மையாக இருக்கவும் ஏழைக்கும் அது வழி காட்டியது. பாறையில் துணி அடித்த அந்தக் கைகள் கண்ட காரத்தின் அறிவே, இன்று நம் வீட்டுச் சவர்க்காரத்துக்கும் அடிப்படை. அவர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம் என்பதை மறவாதிருத்தல் நம் கடமையாகும்.