காவலுக்கு வந்த கோட்டை

திருவள்ளூர் மாவட்டத்தின் கீழைக் கரையில், உப்பேரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே அமைந்த பழவேற்காட்டில், முட்புதர் மண்டிய மண்மேடும் அதனைச் சூழ்ந்த அகழியும் உள்ளன. ஒருகாலத்தில் சோழமண்டலக் கரை முழுவதிலும் பெயர்பெற்றிருந்த 'கெல்டிரியா' கோட்டையின் மிச்சம் அதுவே. நாடுகளின் பாதுகாப்பைப் பற்றி இன்று பல்கலைக்கழகங்கள் தனித்துறை வைத்து ஆராய்கின்றன. அத்துறையின் முதற்பாடத்தை இந்த மண்மேட்டிலேயே கற்கலாம் என்பது நம் துணிபு.

பழவேற்காட்டு முஸ்லிம்களின் முன்னோர், அரபு நாட்டிலிருந்து அரசியல் காரணத்தால் வெளியேற்றப்பட்டு மரக்கலமேறி வந்தோர் என்று அவ்வூரின் செவிவழி வழக்கு கூறும். அவர்கள் வழியினரும் பிற தமிழ், தெலுங்கு வணிகரும் இக்கரையின் வண்ணத்துணிகளை மலாக்காவுக்கும் சுமத்திராவுக்கும் ஏற்றி, நறுமணப் பொருள்களைக் கொணர்ந்தனர். அந்தக் கடல் எந்த அரசின் தனியுடைமையாகவும் இருந்ததில்லை.

1511இல் பறங்கியர் மலாக்காவைப் பிடித்தபின் நிலைமை மாறியது. தங்களிடம் அனுமதிச் சீட்டுப் பெறாத கலங்களை அவர்கள் கைப்பற்றினர், மூழ்கடித்தனர். அச்சீட்டின் பெயர் 'கர்த்தாஸ்'. காகிதத்தைக் குறிக்கும் 'கிர்தாஸ்' என்னும் அரபுச் சொல்லே போர்ச்சுக்கீசிய மொழியில் அவ்வாறு திரிந்தது. நாம் வழங்கும் 'கடுதாசி'யும் அதன் வழியே வந்ததென்பர். அரபியரிடம் பெற்ற சொல்லைக் கொண்டே முஸ்லிம் வணிகரின் வழியை மறித்த விந்தையை என்னென்பது!

இந்நிலையில் வந்தனர் ஒல்லாந்தர். அவர்களின் அறிஞர் குரோஷியஸ், கடல் அனைவருக்கும் பொது என வாதிட்டு 1609இல் நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவு பெற்று, ஒல்லாந்தக் கும்பினியார் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். பறங்கியருக்குப் பகைவர் என்பதால், நம்மவர்களிற் பலர் அவர்களின் வருகையை நல்லதெனவே எண்ணியிருக்கக்கூடும்.

1612இல் சாந்தோமிலிருந்து வந்த பறங்கியர் அப்பண்டகசாலையை அழித்தனர். உடனே ஒல்லாந்தர் கோட்டை எழுப்பினர்; 1613இல் கெல்டிரியா உருவாயிற்று. தற்காப்புக்காகவே கட்டுகிறோம் என்றனர். அதனைப் பொய் என்று தள்ளிவிட இயலாது. அவர்களின் அச்சம் உண்மையான அச்சமே. ஆயினும் அக்கோட்டைக்குள் என்ன நிகழ்ந்தது? வெடிமருந்து ஆலை ஒன்று இயங்கியது. அதன் சரக்கு ஆசியாவின் பிற பகுதிகளிலிருந்த ஒல்லாந்தப் படைகளுக்கும் சென்றது. கடல் பொது என்று முழங்கியவர்கள், 1621இல் பாண்டாத் தீவுகளின் மக்களைக் கொன்றும் துரத்தியும் சாதிக்காய் வணிகத்தைத் தமதாக்கினர். 1641இல் மலாக்காவைப் பிடித்தபின், அவர்களும் நம் வணிகரிடம் அனுமதிச் சீட்டுக் கேட்டனர்! 1614இல் வேங்கடர் மறைந்தபின் மூண்ட வாரிசுப் போராலும், தொடர்ந்த பஞ்சத்தாலும் நிலைகுலைந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக்கப்பட்டு, பழவேற்காட்டிலிருந்து பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். கோட்டைக் கொத்தளம் அவர்களைக் காக்கவில்லை.

மற்றொன்றையும் நோக்குக. ஒல்லாந்தரோடு 1619இல் கூட்டுறவு உடன்படிக்கை செய்துகொண்ட ஆங்கிலேயரும் பழவேற்காட்டில் இடம் பெற்றனர். காவற்படைச் செலவில் பங்கு கேட்கப்பட்டது, பூசல் வளர்ந்தது. சில ஆண்டுகளில் வெளியேறிய அவர்கள், வடக்கே ஆர்மகானில் தங்கிப் பார்த்து, இறுதியில் 1639இல் சென்னைக்கு உரிமை பெற்று, ஜார்ஜ் கோட்டையை எழுப்பினர். சாந்தோமுக்கு அஞ்சி கெல்டிரியா; கெல்டிரியாவின் நிழலில் இருக்கப் பிடிக்காமல் ஜார்ஜ் கோட்டை! ஏறத்தாழ ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் ஒன்றையொன்று முறைத்து நின்றன அக்கோட்டைகள்.

ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவில் குடியேறிய அறிஞர் ஜான் ஹெர்ஸ், 1950இல் இதனையே ஒரு கோட்பாடாக வகுத்தார். ஒருவர் தம் காப்புக்காகச் சேர்க்கும் வலிமை அண்டையாருக்கு அச்சமாகிறது. அண்டையாரும் வலிமை சேர்க்கின்றனர். முடிவில் இருவருக்குமே காப்புக் குறைகிறது. இதனைப் 'பாதுகாப்பு இக்கட்டு' என்பர். வல்லரசுகள் குவித்த அணுகுண்டுகளும், 1998இல் இந்தியாவும் பாகிஸ்தானும் சில நாள் இடைவெளியில் நடத்திய அணுச் சோதனைகளும் இதற்குச் சான்றுகள்.

கெல்டிரியாவை இறுதியில் எது காத்தது? 1781இல் அதனை ஆங்கிலேயர் பிடித்தனர். திருப்பித் தந்தபின் 1795இல் மீண்டும் பிடித்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, மறு ஆண்டில் பழவேற்காடு நிலையாக அவர்கள் வசமாயிற்று. தொல்லியல் துறையின் காவலில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்ட வாயிலில், கல்லிற் செதுக்கிய இரு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. கோட்டை கட்டியோரின் மிச்சமும் அங்கேதான்!

அப்படியாயின் பாதுகாப்பு என்பதுதான் யாது? பாகிஸ்தானியப் பொருளியலறிஞர் மஹ்பூபுல் ஹக் முன்னின்று உருவாக்கிய ஐ.நா.வின் 1994ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கை, இதற்கு வேறு விடை தந்தது. எல்லைக்கு மட்டுமின்றி மனிதனுக்கும் காப்பு வேண்டும். உணவு, பிழைப்பு, உடல்நலம், சுற்றுச்சூழல் ஆகியவற்றில் அச்சமின்மையும் பாதுகாப்பே என்றது அது.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு இதே மாவட்டத்தைச் சுற்றிப் பார்ப்போம். காட்டுப்பள்ளித் துறைமுகம் விரிவுபெற்றால் ஏரியும் மீன்வளமும் என்னாகுமோ என்று பழவேற்காட்டு மீனவர்கள் அஞ்சிக் குரலெழுப்பியுள்ளனர். ஆலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டியிலோ, இலங்கைப் போருக்குத் தப்பி வந்த தமிழரின் முகாம் இருக்கிறது. போர் 2009இல் முடிந்தது. முகாமிலேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. 2021இல் இத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. ஆனால் அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அவர்களுக்கு உரிய பாதுகாப்பு, அரசின் பரிவாக இருக்கிறதேயன்றி உரிமையாக வடிவெடுக்கவில்லை.

நாடு கடத்தப்பட்டு மரக்கலத்தில் வந்தோரின் வழியினர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் மக்கள் வாழும் கரை இது. அன்று அவர்களை இக்கரை ஏற்றுக்கொண்டது. அவர்கள் உழைப்பால் துறைமுகமும் செழித்தது. பிற்காலத்தில் எழுந்த கோட்டை மண்மேடாயிற்று; வந்தோரின் சந்ததி வாழ்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் ஒருமுறை பழவேற்காடு சென்று, இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.