அறல் (மணல் வரிகள்)

காற்றோ நீரோ மணற்பரப்பில் இழைத்துவிட்டுப் போகும் சீரான வரிகளே அறல். சங்கப் புலவர்கள் பெண்களின் கூந்தலுக்கு உவமை சொன்னது ஆற்று மணலின் இந்த நெளிவைத்தான். ‘சிற்றலைத் தடம்’ போன்ற புதுச்சொற்கள் வந்தாலும் பழஞ்சொல்லே பொருத்தமானது.

ஆடிக் காற்று வீசும் நாளில் தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியில் குனிந்து பார்க்க வேண்டும். செம்மணலில் வரிக்கும் வரிக்கும் நடுவே ஒரு சாண்கூட இராது. உயரம் ஒரு விரற்கடைக்குள் அடங்கும். காற்று வரும் பக்கம் மெல்ல ஏறி, மறுபக்கம் சட்டென இறங்கும். முகட்டு மணலை விரலிடையில் தேய்த்தால் பருமணல், பள்ளத்தில் நுண்மணல். ஆங்காங்கே ஒரு வரி இரண்டாகப் பிரிந்து மரக்கவடுபோல் நிற்கும்.

காற்றில் தாவிச் செல்லும் மணல்மணியின் தாவல் நீளமே வரிகளின் இடைவெளி என்றார் ஆய்வாளர் ரால்ஃப் பாக்னால்ட் (1941). இன்று அது அப்படியே ஏற்கப்படுவதில்லை. தாவிவந்து மோதும் மணி, பல மணிகளைச் சிறிது தூரம் தள்ளிவிடுகிறது. வரியைக் கட்டுவது இந்தக் குறுநகர்வுதான்.

1993இல் ஆய்வாளர்கள் நிஷிமோரியும் ஓவுச்சியும் தாவுதல், சரிதல் என்ற இரண்டே விதிகளைக் கணினிக்குக் கொடுத்தார்கள். திரையில் வரிகள் எழுந்தன. அதே ஆண்டு ஆண்டர்சன், புனாஸ் இருவரும் பருமணி, நுண்மணி இரண்டையும் கலந்து ஓட்டியபோது, பருமணிகள் தாமாகவே முகட்டுக்கு வந்து சேர்ந்தன. தேரியில் விரல் உணர்வதும் இதுவே என்பதால், குறுநகர்வு விளக்கத்துக்கு இந்த இரண்டாவது ஆய்வே வலுவான சான்று.

இடைவெளி ஒத்துப்போவதை மட்டும் வைத்து ஒரு கணினி மாதிரியை நம்பக் கூடாது. தாவல் நீளத்தை மாற்றினால் வேண்டிய இடைவெளி கிடைத்துவிடும். கவடுகள் எத்தனை, சிறுவரிகள் எவ்வளவு நேரத்தில் பெருவரிகளோடு கலக்கின்றன என்பதையும் ஒப்பிட வேண்டும். பல எளிய மாதிரிகளில் வரிகள் வளர்ந்துகொண்டே போகின்றன. இயற்கையில் ஓரளவோடு நின்றுவிடுகின்றன. செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி கண்ட, மீட்டர் கணக்கில் இடைவெளியுள்ள வரிகளுக்கான விளக்கத்தில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

அறல் பாறையிலும் பதிந்திருப்பதுண்டு. ஆனால் ஐதராபாத்தைச் சுற்றியுள்ள கருங்கல்லில் அதைத் தேடிப் பயனில்லை. அந்தக் கல் பாறைக்குழம்பு இறுகி உண்டானது. தெற்கே கடப்பைப் படுகையின் மணல் இறுகிய குவார்ட்சைட் பலகைகளில், 150 கோடி ஆண்டுக்கும் முந்தைய அறல் கல்லாகவே இருக்கிறது. இருபுறச் சரிவும் சமமானால் அங்கே அலையடித்தது. ஒருபுறம் செங்குத்தானால் நீரோ காற்றோ ஒரே திசையில் சென்றது.