அரண்: ஒரு சொல்லின் பொருளெல்லை

அரண் என்னும் சொல்லுக்கு மதில் எனப் பொருள் கூறி அமைவது இன்றைய வழக்கம். பழைய இலக்கியங்கள் அச்சொல்லை அத்துணைச் சுருங்கிய பொருளில் ஆளவில்லை. எயில், இஞ்சி, புரிசை என்பன கட்டப்பட்ட மதிலைச் சுட்டுவன. கிடங்கு அகழியையும், மிளை காவற்காட்டையும் குறிப்பன. இவையனைத்தையும் தன்னுள் அடக்கி நிற்பதே அரண். திருக்குறளின் 75ஆம் அதிகாரம் நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு ஆகிய நான்கையுமே அரணென்கிறது. அர்த்தசாத்திரமும் ஏறத்தாழ இவ்வகைப்பாட்டையே தருகிறது. 43ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் அறிவையும் அரணென்பர். ஆங்குச் சொல் கல்லையும் மண்ணையும் விட்டு நீங்கிவிடுகிறது.

முற்றுகைப் போராகிய உழிஞையைத் தொல்காப்பியம் மருதத்துக்குப் புறனாக வைத்தது தற்செயலன்று என்பது நம் கருத்து. நெற்களஞ்சியம் குவிந்த இடத்திலேயே வளைத்துப் பிடிப்பதற்குரிய மதில் எழும். ஆநிரை கவரும் வெட்சிக்கு அது வேண்டியதில்லை. அரணின் வரலாறு ஒருவகையில் உபரி விளைச்சலின் வரலாறாகும். பாரியின் பறம்பு இதற்குப் புறநடை. மூவேந்தரும் சூழ்ந்த அம்மலையைப் பாடும் கபிலர் (புறநானூறு 109) மதிலைப் பற்றிப் பேசவில்லை. உழாமலே விளையும் மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவற்றை எண்ணிக் காட்டுகிறார். உள்ளிருப்போர்க்கு உணவுடைமை அரணின் இலக்கணமெனக் குறளும் கூறுவது ஈண்டு நோக்கத்தக்கது.

பேராதனையிலிருந்து எழுதும் நாம் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. ஆற்றின் அக்கரையிலுள்ள கன்னொறுவையிலேதான் 1638இல் போர்த்துக்கேயப் படை அழிந்தது. 1594இல் தந்துறையிலும், 1803இல் ஆங்கிலேயருக்குக் கண்டியிலும் நேர்ந்தவை அத்தகையனவே. மலையும் காடும் மகாவலி கங்கையும், கணவாய்களில் இட்ட முட்கடவைகளுமே கண்டி அரசின் அரண்கள். குறள் எண்ணிய நான்கில் மூன்று இங்கே இயல்பாக அமைந்திருந்தன. ஆயினும் 1815இல் ஆங்கிலப் படை பெரிய எதிர்ப்பின்றி உட்புகுந்தது. மலை தாழ்ந்துவிடவில்லை, காடும் அப்போது அழியவில்லை. பிரதானிகள் பலர் அரசனைக் கைவிட்டிருந்தனர். வினைமாட்சி இல்லாரிடத்து எவ்வரணும் பயனற்றதென்று அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுவது இந்நிலையையே.

இயற்கையரண் அழிந்தது அதற்குப் பின்னரே. 1817–18 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், 1820களில் கொழும்பு-கண்டி வீதியை அமைத்தனர். 1867இல் புகைவண்டி கண்டியை அடைந்தபோது, அரணாயிருந்த காட்டின் பெரும்பகுதி கோப்பித் தோட்டமாகியிருந்தது.