கருப்பு சிவப்பு ஓட்டில் உறங்கிய கரி

பூம்புகார் அகழாய்வு என்றதும் இலக்கிய அன்பர்களின் நெஞ்சில் முதலில் எழுவது கீழையூர்ப் படகுத்துறைதான். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே செங்கல் கட்டுமானத்தையும், கலங்களைக் கட்டுதற்கு நட்ட மரக்கம்பங்களையும் வெளிக்கொணர்ந்தது. பட்டினப்பாலையைப் பயின்றவர்க்கு அது பெருமகிழ்ச்சி. ஆனால் அதே காவிரிப்பூம்பட்டின மண்ணில் கிடைத்த கருப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இன்றைய மின்கல ஆய்வுக்கூடங்களின் அக்கறையோடு தொடர்புடைய ஒரு செய்தி இவ்வகை ஓடுகளில் உறங்கிக் கிடந்தது.

ஒரே கலத்தில் இரு நிறங்கள் எவ்வாறு வந்தன? பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். காற்றுப் பட்ட வெளிப்புறத்தில் களிமண்ணின் இரும்பு சிவந்தது. காற்றுப் புகாத உட்புறமும் விளிம்பும், இலை தழைகளின் புகைக்கரி படிந்து கருத்தன.

2020ஆம் ஆண்டு நவம்பரில் வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடங்கிய குழு, கீழடி ஓடுகளின் கரும்பூச்சில் கரிம நானோ குழாய்கள் இருப்பதாக 'சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் அறிவித்தது. ஓடுகளின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு. தாவரச் சாறு எதையேனும் பூசிக் கடும் வெப்பத்தில் சுட்டபோது இவை உருவாகியிருக்கலாம் என்பது அவர்களது கருத்து.

கரிம அணுக்கள் தேன்கூட்டு வலைபோல் பின்னி, அவ்வலை குழலாகச் சுருண்டால் அதுவே நானோ குழாய். தலைமயிரைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லியது. ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா 1991இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே உலகம் இதன்பால் முழுக்கவனம் திருப்பியது. இன்று இதனை வளர்க்கும் முறைகளுள் முதன்மையானது இது: சிலிக்கான் போன்ற தளத்தின்மேல் இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றுள் ஒன்றை மெல்லிய ஏடாகப் பூசுவர். சூடேற்ற அவ்வேடு நுண்துளிகளாகப் பிரியும். 600 முதல் 900 பாகை செல்சியசு வெப்பத்தில் அசிட்டிலின் போன்ற வாயுவைச் செலுத்த, அது சிதைந்து தரும் கரிமம் ஒவ்வொரு துளியையும் பற்றிக்கொண்டு, நாற்றங்காலில் பயிர் நிற்பதுபோல் நெருங்கி வளரும். மின்சாரத்தை நன்கு கடத்துவதால் லித்தியம் மின்கலங்களின் மின்முனைகளில் இக்குழாய்கள் சேர்க்கப்படுகின்றன.

கீழடிக்கு முன் இத்துறையில் மூத்த சான்றாகக் கருதப்பட்டதும் தென்னிந்தியத் தொடர்புடையதே. 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நானோ குழாய்களைக் கண்டதாக, டிரெஸ்டன் நகர் பீட்டர் பாஃப்ளரின் குழு 2006இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. அத்தகைய வாள்களுக்கான உருக்கு இந்தியாவிலிருந்து சென்றது. ஆவாரை மரமும் எருக்கிலையும் அவ்வுருக்கின் செய்முறையில் இடம்பெற்றதை அக்கட்டுரை சுட்டுகிறது. தாதுவில் கலந்திருந்த சிறு உலோகங்கள் கரிமம் குழலாக வளரத் துணைநின்றிருக்கலாம் என்பது அவர்தம் ஊகம். உலோகம், கரிமம், வெப்பம் என்ற மூன்றும் உலையிலும் கூடின, ஆய்வுக்கூடத்திலும் கூடுகின்றன.

இதனால் நம் முன்னோர் நானோ நுட்பம் அறிந்தவர் என்று மார்தட்டுவது பொருந்தாது. கண்ணுக்குப் புலப்படாத குழலைக் குயவர் நாடவில்லை. அவர் நாடியது வழவழப்பான, உதிராத கருமை. எந்த மண், எந்தத் தழை, எவ்வளவு நேரம் தீ என்பது அவருக்குக் கைவந்திருந்தது. அந்த அறிவே இருபத்தாறு நூற்றாண்டுகள் தாங்கும் பூச்சைத் தந்தது. இல்லாத பட்டத்தைச் சூட்டினால் இருந்த திறமை மறைந்துபோகும்.

புகாரின் வணிகரைப் பாடப் புலவர்கள் இருந்தனர். குயவர் விட்டுச்சென்ற ஏடு ஓடுகளே. காவிரி வண்டலில் பிறந்த அவற்றையும் நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் படிப்பது தமிழ் பயில்வோர்க்கும் உரிய பணி என்றே நாம் கருதுகிறோம்.